மீன்காரம்மாவின் பையன் என்ன ஆனான்? காதல் கதையில் வில்லனைத் திருத்துவது எப்படி

என் முதல் தொடர்கதையில் வில்லன் 38-ஆவது அத்தியாயத்தில் திருந்தினான். கதாநாயகியை நோக்கி வந்த மந்திரக் கத்தியைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டான், ரத்தம் கக்கினான், "என்னை மன்னிச்சிடு" என்றான், அவள் அழுதாள், மழை பெய்தது, அப்புறம் எப்படியோ பிழைத்துக்கொண்டான், ஆறு அத்தியாயம் தள்ளிக் கல்யாணம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கதை முடிந்த அன்று இரவு, ஆரம்பத்திலிருந்து படித்துவந்த ஒரு அக்கா ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்: "எல்லாம் சரிப்பா, அந்த மீன்காரம்மாவோட பையன் என்ன ஆனான்?"

எந்தப் பையன் என்று எனக்கு நினைவே இல்லை. திரும்பிப் போய்த் தேடினேன். நாலாவது அத்தியாயத்தில், வில்லன் எவ்வளவு கொடூரமானவன் என்று காட்டுவதற்காக, காசிமேட்டில் ஒரு பையனின் நிழலைப் பிடுங்க வைத்திருந்தேன். பையன் சுருண்டு விழுகிறான், அவன் அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள், 'தொடரும்'. அதற்குப் பிறகு 40 அத்தியாயங்களில் அந்தப் பையனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மறந்துவிட்டேன், வில்லன் மறந்துவிட்டான், அவனை மன்னித்த கதாநாயகிக்கு அப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. அந்த அக்கா மட்டும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து வில்லனைத் திருத்தும் கதை எதை எழுதினாலும் முதலில் ஒரு பேரேடு போடுகிறேன். பழைய கடைகளில் இருக்குமே, பற்று, வரவு, அந்த மாதிரி. இரண்டு தனித்தனிக் கணக்கு. ஒன்று, வில்லனுக்கும் அவனால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இடையே உள்ளது. இன்னொன்று, வில்லனுக்கும் கதாநாயகிக்கும் இடையே உள்ளது. நம்மூர்க் காதல் கதைகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், முதல் கணக்கில் இருக்கிற கடனை இரண்டாவது கணக்கில் வரவு வைத்து நேர் செய்துவிடுகிறோம். ஊரையே எரித்தவன் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தான், ஆகவே நல்லவன். கடைக்காரர் யாரும் இப்படிக் கணக்கு எழுத விடமாட்டார். கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த இரண்டு கணக்கையும் கலக்காமல் இருப்பதற்கான வழிகள்தான்.

உதாரணத்துக்கு இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையையே எடுத்துக்கொள்கிறேன், அடுத்தவர் கதையை அறுப்பதைவிட அது பாதுகாப்பு. அர்பன் ஃபேன்டஸி என்றால் தெரியும்தானே, மாயம் எங்கோ ராஜா காலத்துக் காட்டில் இல்லாமல் இன்றைய நகரத்தில், ஷேர் ஆட்டோவுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் நடக்கும். என் கதை வடசென்னையில். வில்லன் மண்ணடியில் தண்டல் விடுகிறவன். பணம் கொடுப்பான், வட்டியாக ஆயுளை எடுப்பான். மாதா மாதம் வசூல். கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் கேள்விப்பட்ட ஊரில் இந்த மாயத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை, ஒரு வரியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கதாநாயகி ரேவதி 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். ஆதார் அட்டையில் 34 வயது, உடம்பில் 65 வயது, இப்படி நோயாளிகள் அவள் வண்டியில் தொடர்ந்து ஏறுகிறார்கள். அங்கே ஆரம்பிக்கிறது.

முதலில், குற்றம் அவனுடையதாக இருக்கட்டும்

மாயக் கதை எழுதும்போது ஒரு பெரிய சபலம் வரும். 'சாபம் செய்ய வைத்தது', 'உள்ளே ஒரு பிரம்மராட்சசன் புகுந்திருந்தான்', 'அவனுக்கு நினைவே இல்லை', 'போன ஜென்மத்தில் அவளை இழந்ததால் இப்படி ஆனான்'. எல்லாம் வாசகரை அழவைக்கும், ஆனால் எதிலும் திருந்துவதற்கு எதுவும் இல்லை. உள்ளே புகுந்த ராட்சசன்தான் செய்தான் என்றால் வில்லன் அந்த ராட்சசன். இவன் வெறும் வாடகை வீடு. வீட்டைக் கழுவிவிட்டால் போதும்.

அதனால் மாயத்தின் விதியை எழுதும்போதே, அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடிந்த ஒரு தருணத்தை விட்டுவையுங்கள். ஒன்றைவிட இரண்டு நல்லது. என் வில்லனுடைய ஆரம்பம் 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்த இரவு. உயர் நீதிமன்ற மதில் சுவரில் இன்றும் அதற்கு ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. அடுத்த நாட்களில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தக் கலவரத்தில் ஒரு கடைக் குமாஸ்தா, செத்துக்கொண்டிருக்கும் தன் தங்கையைக் காப்பாற்ற, ஒரு கிழவரிடமிருந்து ஒரு வருஷத்தை வாங்குகிறான். அது பயத்தில் செய்தது. வாசகர் மன்னித்துவிடுவார். ஆனால் அதே மாதம் இரண்டாவதாக ஒரு வருஷம் வாங்குகிறான், அதற்குத் தங்கை காரணம் இல்லை, அதில் லாபம் இருந்தது. கதை முழுவதும் அவன் முதலாவதைப் பற்றிச் சொல்வான், இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கமாட்டான். அந்த இரண்டாவது வருஷத்தை அவன் தன் வாயால் சொல்லும் இடம்தான் என் கதையின் நடுமுள். (தெருவில் அவனுக்குப் பெயரும் எம்டன்தான். கில்லாடிக்கு, கறார் ஆளுக்கு, நம் தாத்தா பாட்டி எம்டன் என்றுதானே சொல்வார்கள். கப்பல் போய் நூறு வருஷம் ஆகியும் சொல் போகவில்லை. இப்படி ஒரு பெயர் ஊரே கொடுக்கும்போது ருத்ரன், தேவ் என்று நான் எதற்குத் தேடவேண்டும்?)

சோகப் பின்கதையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மன்னிப்புக் கேட்கும் காட்சியில் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் அது வக்கீல் வாதம் ஆகிவிடும். முன்னாடியே, அவன் இன்னும் கெட்டவனாகத் திரியும்போதே சொல்லிவிடுங்கள், வாசகர் இரக்கப்பட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் அவன் செய்வதைப் பார்த்து அந்த இரக்கத்துக்காகக் கொஞ்சம் வெட்கப்படட்டும்.

கை கட்டப்பட்டவன் வேறு, மாறியவன் வேறு

இந்த வகையில் எனக்குத் தெரிந்து அதிகம் அலசப்பட்ட வில்லன், 1997 முதல் 2003 வரை ஓடிய 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஸ்பைக். ரத்தம் குடிக்கிறவன், கொலைகாரன். நாலாவது பருவத்தில் அவன் மண்டைக்குள் ஒரு சில்லு வைத்துவிடுகிறார்கள், மனிதர்களை அடிக்கப் போனால் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். அதனால் ஆபத்தில்லாதவன் ஆகிறான், அப்புறம் தொடரின் நாயகி பஃபியைக் காதலிக்கிறான், அவளுக்காக அடி வாங்குகிறான். பார்ப்பவர்கள் எல்லாம் திருந்திவிட்டான் என்று நினைத்திருக்கும் நேரத்தில் ஆறாவது பருவத்தில் அவளிடமே பலாத்காரத்துக்கு முயல்கிறான். அதற்குப் பிறகுதான், யாரும் கட்டாயப்படுத்தாமல், தானே தேடிப் போய்ச் சோதனைகளைத் தாங்கித் தன் ஆன்மாவைத் திரும்பப் பெறுகிறான், பெற்றதும் குற்றவுணர்ச்சியில் பாதிப் பைத்தியம் ஆகிறான். அந்தப் பலாத்காரக் காட்சி தேவையா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள், என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு அவர்களை ஜோடியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் எழுதுகிறவனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. சில்லு என்பது தடை. காதலும் அங்கே ஒரு தடையாகத்தான் இருந்தது, 'அவளுக்குப் பிடிக்காது, அதனால் செய்யமாட்டேன்'. அவள் போய்விட்டால் தடையும் போய்விடும்.

உங்கள் வில்லனைச் சோதிக்க எளிய வழி: கதாநாயகியைக் கதையிலிருந்து ஒரு மாதம் வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்குத் தெரியவே வராது என்ற நிலையில் அவன் என்ன செய்கிறான்? நல்லது செய்தால் அந்தக் காட்சியை அவளிடம் யாரும் போய்ச் சொல்லக்கூடாது. கடைசிவரை. நண்பன் வந்து "அவன் உனக்காக என்னெல்லாம் பண்ணான் தெரியுமா" என்று போட்டுடைக்கும் காட்சியை நானும் எழுதியிருக்கிறேன், அது மிகவும் வசதியான காட்சி, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

மாறும் தருணம் சின்னதாக இருக்கட்டும், கதாநாயகிக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கட்டும், முதல் தடவை தோற்கட்டும். என் கதையில் எம்டன் லட்சுமி என்ற பெண்ணிடம் வசூலுக்குப் போகிறான். 34 வயது, பார்த்தால் கிழவி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அவளுடைய ஆறு வயது மகளிடம் "பாட்டியைக் கூப்பிடு" என்கிறார், லட்சுமி திருத்தாமல் "இதோ வரேன்" என்று எழுந்து வருகிறாள். அவ்வளவுதான். எம்டன் அன்று வசூலிக்காமல் திரும்பிவிடுகிறான். இடி இடிக்கவில்லை, பின்னணி இசை இல்லை. அடுத்த நாள் காலை மறுபடி போய், இரண்டு நாள் ஆயுளைக் கூடச் சேர்த்து வசூலிக்கிறான். எழுதி முடித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவன் எடுத்த ஒவ்வொரு அடியையும் வாசகர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். சந்தேகப்பட்டுப் படிப்பவர்கள் கவனமாகப் படிப்பார்கள்.

எப்போது மாறவேண்டும்

நிறைய பேர் கடைசிப் பத்து சதவீதத்தில் மாற்றுகிறோம். மாறினான், சுபம். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். பழையனூர் நீலி, பேய். காளி கேட்டுக்கொண்டதால், முனிச்சந்திரர் என்ற சமண முனிவரின் தவத்தைக் கலைக்க வருகிறாள், பயமுறுத்துகிறாள், மயக்கப் பார்க்கிறாள், எதுவும் பலிக்காமல் அவரிடமே மாணவி ஆகிறாள். இது நடப்பது பத்துச் சருக்கங்களில் முதல் சருக்கத்திலேயே. மீதி ஒன்பதும் அவள் ஊர் ஊராகப் போய் வாதம் செய்வது. அதாவது மனம் மாறியது கதைக்கு முன்னுரை, மாறியவள் என்ன வேலை செய்தாள் என்பதுதான் கதை. அந்தக் காப்பியம் சமயச் சண்டைக்காக எழுதப்பட்டது, நம் வேலை வேறு, சரி, ஆனால் அமைப்பை மட்டும் திருடிக்கொள்ளலாம்.

60 அத்தியாயத் தொடர் என்றால் நான் பிரிக்கும் விதம் இது: 20, 22 வாக்கில் முதல் அசைவு. 25-க்குள் மறுபடி சறுக்கல். 30-இல் தானாக நிறுத்துகிறான், நிறுத்தியதால் அவனுக்கு நஷ்டம் வருகிறது. 33, 34-இல் கதாநாயகியிடம் உண்மை. அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து அத்தியாயம் இருவரும் சேர்ந்து இருக்கும் காட்சியே இல்லை, தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இதுதான் ரத்தம் வற்றும் காலம், 'எப்போ சேருவாங்க' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் கடன் கட்டுவது.

சக்தியைப் பிடுங்காதீர்கள்

திருந்திய வில்லன் பெரும்பாலும் ரசம் சாதம் ஆகிவிடுகிறான். கறுப்புச் சட்டை போய் வெள்ளைச் சட்டை, குத்தலான பேச்சு போய்க் கொஞ்சல், மந்திர சக்தி எல்லாம் ஒரு மின்னலில் காலி. வாசகர் அவனைப் படிக்க வந்ததே அவன் ஆபத்தானவன் என்பதால். திருச்செந்தூர்க் கதையைப் பாருங்கள், கடல் நடுவே மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளக்கிறது, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அழிந்துபோகவில்லை, அந்த வேகம் வாகனமாகிறது, அந்தக் குரல் கொடியில் ஏறுகிறது. நம்மூரில் இதைவிட நல்ல வில்லன் கதை எனக்குத் தெரியவில்லை.

எனவே வில்லனைக் கெட்டவன் ஆக்கிய குணத்தையே தேடிப் பிடித்துத் திருப்புங்கள். எம்டனின் குணம் என்ன? ஒரு பைசாக் கணக்கை மறக்கமாட்டான். 1931-இல் வாங்கியவன் பேரனுக்கும் தவணை தேதி சொல்வான். இதுதான் அவனைக் கொடூரமாக்கியது. அவன் திருந்தும்போது இதே குணம்தான் வேலை செய்கிறது, யாரிடமிருந்து எத்தனை நாள் எடுத்தான் என்று அவனுக்கு மனப்பாடம், அதனால் தூங்க முடியவில்லை. வேறு வில்லனாக இருந்தால் 'நிறைய தப்பு பண்ணிட்டேன்' என்று மொத்தமாகச் சொல்லித் தப்பிவிடலாம், இவனால் முடியாது, இவனுக்கு எண்ணிக்கை தெரியும். பேச்சும் மாறவில்லை. இன்னமும் ரேவதியிடம் "ஆம்புலன்ஸ் டயர்ல காத்து கம்மியா இருக்கு, உங்க சர்வீஸ் மாதிரியே" என்று குத்துகிறான். அவள் சிரிக்கவில்லை, டயரைப் பார்க்கிறாள், உண்மையிலேயே கம்மிதான்.

நீ, நீங்க

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவனுக்குக் கையில் இருக்கும் பெரிய ஆயுதத்தை யாரும் எடுப்பதே இல்லை. வில்லன் யாரை 'நீ' என்கிறான், யாரை 'நீங்க' என்கிறான் என்பதை மட்டும் வைத்து முழு மாற்றத்தையும் காட்டிவிடலாம். கடன்காரர்கள் எல்லோரும் அவனுக்கு 'வா, போ'. எழுபது வயசுக்காரரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். ரேவதியிடம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே 'நீங்க', அது மரியாதை இல்லை, விலகல், ஒருவித நக்கல். கதையின் போக்கில் இரண்டும் இடம் மாறவேண்டும். ரேவதியிடம் 'நீ' வரும் நாள் காதல் காட்சி, அதை ஒருமுறைதான் செலவழிக்கலாம், எங்கே வைப்பது என்று யோசித்து வையுங்கள். லட்சுமியிடம் 'நீங்க' வரும் நாள் திருந்தும் காட்சி. கதைசொல்லி எதையும் சுட்டிக்காட்டவேண்டாம், தமிழ் வாசகர் காது தானே பிடித்துக்கொள்ளும்.

மன்னிப்புக் கேட்கும் வசனத்துக்கும் இது பொருந்தும். என் பழைய கதையில் எழுதியது:

"ரேவதி... நான் பண்ணது தப்புதான். சின்ன வயசுலயே என்னை எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு அன்புன்னா என்னன்னே தெரியாது. என்னை மன்னிச்சிடு. நீ இல்லன்னா நான் செத்துடுவேன்."

(பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) நான், என்னை, எனக்கு, என்னை, நான். பாதிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. கடைசி வரி மன்னிப்பே கிடையாது, மிரட்டல். இப்போது எழுதியது, ரேவதியிடம் இல்லை, லட்சுமி வீட்டு வாசலில்:

"2016 மார்ச்ல நீங்க இருபதாயிரம் வாங்குனீங்க. அதுக்கு நான் எடுத்தது முப்பத்தோரு வருஷம். உங்க பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீங்க போகல, பாட்டியான்னு கேப்பாங்கன்னு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடுத்த மாசமும் வந்தேன். இப்ப இருபது வருஷம் திருப்பித் தர முடியும். மிச்சம் பதினொண்ணு என்கிட்ட இல்ல."

"வெச்சுட்டுப் போ."

அவன் 'நீங்க', அவள் 'போ'. 'மன்னிப்பு' என்ற சொல் எங்கேயும் வரவில்லை பாருங்கள். செய்ததைத் தேதியோடு சொல்வது, தெரிந்தே செய்தேன் என்பது, எவ்வளவு திரும்பும் எவ்வளவு திரும்பாது என்பது. இந்த மூன்றும் இருந்தால் அந்தச் சொல் தேவைப்படுவதில்லை.

மன்னிக்காதவருக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்

அங்குலிமாலன் கதை பலருக்குத் தெரியும், வெட்டிய விரல்களை மாலையாகப் போட்டவன் புத்தரைச் சந்தித்துத் துறவி ஆனான். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். பாலி மொழியில் இருக்கும் பௌத்த நூலில் அதற்கு அப்புறமும் இருக்கிறது, துறவியாகிப் பிச்சைக்குப் போனவன்மேல் கல்லும் கட்டையும் வந்து விழுகின்றன, மண்டை உடைந்து, பாத்திரம் உடைந்து, ஆடை கிழிந்து திரும்பி வருகிறான். புத்தர் தாங்கிக்கொள் என்கிறார். கல் எறிந்தவர்களைத் திட்டவில்லை, கவனியுங்கள்.

உங்கள் கதையிலும் ஒருவராவது மன்னிக்கக்கூடாது. அவரைக் கெட்டவராகக் காட்டவும் கூடாது. இது கஷ்டம், ஏனென்றால் அந்த நேரத்தில் நமக்கே வில்லன்மேல் பாசம் வந்திருக்கும், மன்னிக்காதவரை லேசாக வில்லியாக்க விரல் துடிக்கும். அதைத் தடுக்க, முழு அத்தியாயத்தையும் அவர் பார்வையில் எழுதுங்கள். காதல் ஜோடி அதில் எங்கோ தூரத்தில் நடந்து போகட்டும். இன்னொன்று, கதாநாயகி அவனுக்காகப் போய் யாரிடமும் பரிந்து பேசக்கூடாது. ரேவதி லட்சுமியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள், அந்தக் குழந்தை அவளை அத்தை என்று கூப்பிடும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும், அவள் சொல்லவில்லை. முதல் கணக்கில் அவளுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது.

கதாநாயகியே பாதிக்கப்பட்டவளாக இருந்தால்? அறைவது, கடத்திக் கட்டாயத் தாலி கட்டுவது, அறையில் பூட்டுவது, இதெல்லாம் செய்தவனை 'ஆன்டி ஹீரோ' என்று பெயர் வைத்துக் கடைசியில் சேர்த்துவைக்கும் கதைகள் நம்மிடம் மலைபோல் இருக்கின்றன, வாசகர்களும் இருக்கிறார்கள், நான் நீதிபதி இல்லை. ஆனால் அங்கே இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகிறது. கடன் கொடுத்தவளே ஜாமீனும் போடுகிறாள். அதை நேர்மையாக எழுத எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவளுக்கு வேலை, சம்பளம், போக இன்னொரு வீடு எல்லாம் இருந்து, அவள் உண்மையிலேயே போய்விட்டு, அவனில்லாமல் நன்றாக வாழ்வதைக் காட்டிவிட்டு, அப்புறம் அவளாகவே வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க விடுவது. வராமல் போனாலும் போகட்டும் என்ற துணிச்சல் எழுதுகிறவருக்கு வேண்டும். எனக்கு இல்லை, அதனால் அந்த வகை எழுதுவதில்லை.

ஊரைப் பற்றி ஒன்று. நகரம் வெறும் படுதாவாக இருக்கக்கூடாது. மண்ணடிக்கு 2019-இல் மெட்ரோ வந்தது. எம்டனின் பேரேடுகள் எல்லாம் தரைக்கு அடியில் ஒரு நிலவறையில், சுரங்கம் தோண்டும் இயந்திரம் பக்கத்தில் போகும்போது சுவர் விரிசல் விட்டு, அடைத்து வைத்த வருஷங்கள் கசிய ஆரம்பிக்கின்றன, தெருவில் கிழவர்கள் காரணமில்லாமல் ஒரு மணி நேரம் இளமையாகிறார்கள். ஊரில் உண்மையில் நடந்த ஒன்றைப் பிடித்து மாயத்தோடு முடிச்சுப் போட்டால் கதைக்கு எலும்பு கிடைத்துவிடும்.

சாகடித்துத் தப்பிக்காதீர்கள்

கடைசிச் சிக்கல். பேரேட்டைக் கூட்டிப் பார்த்தேன். கடன்காரர்களில் உயிரோடு இருப்பவர்கள் 14 பேர், அவர்களுக்குத் திரும்பவேண்டியது 187 வருஷம், எம்டன் கையில் இருப்பது 120. எல்லாவற்றையும் கொடுத்தால் அன்றைக்கே செத்துவிடுவான். பத்து வருஷம் வைத்துக்கொண்டாலும் அது யாரோ ஒருவருடையது, திருட்டு. இந்த இடத்தில் என் பழைய புத்தி 'சாகட்டும், எல்லோரும் அழட்டும்' என்றது. தியாக மரணம் சுலபம். அவனுக்கு இனி காலையில் எழுந்து யார் முகத்திலும் விழிக்கவேண்டியதில்லை. அதுவும் போக, இது காதல் கதை, கடைசியில் இருவரும் சேர்ந்து இருக்கவேண்டும் என்பது வாசகரோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தம்.

இரண்டு வாரம் எழுதாமல் கிடந்தேன். வழி கிடைத்தது பேரேட்டிலிருந்தேதான்: முடிவெடுக்கவேண்டியது எம்டனும் இல்லை, ரேவதியும் இல்லை, அந்த 14 பேர். ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் கூடுகிறார்கள், மூன்று அத்தியாயம் சண்டை போடுகிறார்கள். ஒருவர் சாகட்டும் என்கிறார். ஒருவர் எனக்கு வேண்டாம், என் பங்கை லட்சுமிக்குக் கொடு என்கிறார். கடைசியில், வாழ்நாள் எல்லாம் தண்டல் கட்டியே தேய்ந்த ஒரு பூக்காரப் பாட்டி கேட்கிறாள், "இவன் செத்துட்டா மிச்சத்த யாரு கட்டுவா? உக்காந்து தவணைல கட்டச் சொல்லு." அதனால் அவன் உயிரோடு இருக்கிறான், அவர்கள் கொடுத்த கடனில். முடி நரைக்கிறது, முட்டி வலிக்கிறது, மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போகிறான், இந்த முறை கொடுப்பதற்கு. ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடப் பணம், வருஷத்தில் திருப்ப முடியாததை வேறு எதில் திருப்ப முடியுமோ அதில்.

ரேவதி அவனைச் சேர்ந்தது இதற்கெல்லாம் பரிசாக இல்லை, அது தனியாக, நைட் டியூட்டி முடிந்த ஒரு காலையில், டீக்கடையில் நடந்தது. எழுதிவிட்டேன், இன்னும் போடவில்லை.

கடைசி அத்தியாயத்தில் நம் வழக்கப்படி இரட்டைக் குழந்தை உண்டா என்று இப்போதே கேட்கிறார்கள். இல்லை. மாதத்தின் முதல் தேதி, லட்சுமி வீடு. ரேவதி தெருமுனையில் ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே வருவதில்லை. எம்டன் கதவைத் தட்டுகிறான். திறக்கவில்லை, போன மாதமும் திறக்கவில்லை. ரசீதை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுத் திரும்புகிறான். உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், "அம்மா, யாரும்மா அது?"